ஏழாவது மாடிக்கு ஒரு போர்டு

ரமாபாயிடம் பேரம் பேச யாரும் துணிவதில்லை. வாய் அப்படி. திருவொற்றியூர் ஸ்டேஷனுக்குப் போகும் சந்தில், டீக்கடையை ஒட்டி அவள் கடை. அக்ரிலிக் ஷீட்டும் பெயின்ட் டப்பாவும் அடைத்தது போக அவள் உட்கார மட்டும் இடமிருக்கும். டாக்டர் பெயர், வக்கீல் பெயர், டியூஷன் சென்டர் என்று அந்த வட்டாரத்தில் பளபளவென்று தொங்கும் போர்டுகளில் பாதி அவள் எழுதியவை. முதலில் ராயபுரத்தில் ஒரு நம்பர் பிளேட் கடையில் வேலை பார்த்தாள். எத்தனை பேர் சும்மா நின்றாலும் டீ வாங்கி வர முதலாளி அவளைத்தான் அனுப்புவான். ஒருநாள் டீ சொம்பை அவன் மேஜையிலேயே கவிழ்த்துவிட்டு வெளியே வந்தவள், தனிக்கடை போட்டுவிட்டாள்.

இந்த வேலையில் எழுத்தை, கண்ணாடி மாதிரி தெரியும் ஷீட்டின் முதுகில் எழுத வேண்டும். பிரின்ட் எடுத்த தாளை முன்பக்கத்தில் ஒட்டினால் பின்பக்கம் எழுத்து இடம்வலம் மாறித் தெரியும். அதன்மேல் பிரஷ் ஓடும். முதலில் எழுத்து, பிறகு அதன் நிழல், எல்லாவற்றையும் மூடிப் பின்னணி நிறம் கடைசியில். எழுதும்போது ரமாபாய் படிக்கவே மாட்டாள். படித்தால் கை தன்னால் நேர் எழுத்துக்குத் திரும்பிவிடும். அவளுக்கு அது வளைவும் கோடும்தான். அதனால் பின்னணி பூசுவதற்குமுன் ஷீட்டைத் திருப்பிப் பிடிப்பாள். பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். தப்பிருந்தால் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரால் துடைத்துவிடலாம். இது அவள் கடை வழக்கம்.

பெரும்பாலும் படிப்பவள் தங்கை பூவம்மா. விம்கோ நகர்ப் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில், ஏழாவது மாடியில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா கடையில் குந்தி டீ குடிப்பாள். முழங்கால் தேய்ந்து போயிற்று. மாடி ஏறாதே என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் இருப்பதால்தான் பிழைப்பு ஓடுகிறது.

அந்த அடுக்குமாடிக்கே போர்டுகள் எழுத ஆர்டர் வந்திருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுப்புராயன் அனுப்பிய தாள்களை ரமாபாய் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி எழுதிக்கொண்டே போனாள். சாயங்காலம் பூவம்மா வந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள்.

"குப்பையைப் பிரித்துப் போடவும்," பூவம்மா படித்தாள். "இங்கே வண்டி நிறுத்தாதீர்." அடுத்ததைக் காட்டியதும் அவள் குரல் இழுத்தது. "வீட்டு வேலையாட்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாது. படிக்கட்டை மட்டும் பயன்படுத்தவும்."

"இன்னாமே சொல்ற?"

"நீ எய்தினதத்தான் படிக்கிறேன்க்கா."

ரமாபாய் ஷீட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல், ஒரு பிசிறு இல்லை. அடப்பாவிகளா! கூடப் பிறந்தவளை ஏறாதே என்று சொல்ல இவள் கைதானா கிடைத்தது? அதுவும் எவ்வளவு அழகாக எழுதித் தொலைத்திருக்கிறாள்! தன்மேல் வந்த ஆத்திரத்தில் பிரஷைத் தூக்கிச் சந்தில் எறிந்தாள்.

"அவங்க எச்சித்தட்டக் கய்வ ஆளு வோணும், அந்த ஆளு பக்கத்துல நின்னா கலீஜா? துடைச்சுப் போடறேன் பாரு!"

"வாணாம்க்கா. நீ எய்தலன்னா வேற கடையில எய்திப்பாங்கோ. பேஜாராயிடும். நான் மெதுவா ஏறிக்கிறேன்."

"எத்த வெச்சுகினு ஏறுவ? அந்த முட்டியவா?"

பூவம்மா முட்டியைத் தடவிக்கொண்டே டீயைக் குடித்தாள். அதுதான் ரமாபாய்க்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை போர்டையும் தின்னர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தங்கையோடு அடுக்குமாடிக்குக் கிளம்பினாள். சுப்புராயன் கீழே லிஃப்ட் வாசலிலேயே நின்றிருந்தார். ஏழாவது மாடியில் பூவம்மா வேலை செய்யும் வீடுகளில் அவருடையதும் ஒன்று.

"வேலை பிரமாதம்மா. ஆனா பின்னணி பூசலையே?"

"பூசறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கலாம்னு வந்தேன் சார். இவளுக்கு முட்டி போச்சு. எப்டி ஏறுவா?"

"நான் என்னம்மா பண்றது? குடியிருக்கறவங்க கம்ப்ளெய்ன்ட். ஈரத் துணி, பக்கெட்டுன்னு உள்ள வந்துடறாங்களாம், ஒரே வாடையாம்."

"யாரு வூட்டு அழுக்கு சார் அது? எங்க வூட்ல இருந்தா எத்துகினு வந்தா?"

"சும்மா கத்தாதீங்க. உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க, வெளியில பிரின்ட் போட்டு வாங்கிக்கறேன்."

"வாங்கிக்கோ. என் கையால எய்தினது இங்க தொங்காது." தரையில் உட்கார்ந்து, துணியில் தின்னரை ஊற்றி, அழுத்தித் துடைத்தாள். சிவப்பும் கறுப்பும் குழம்பி வழிந்தன. காவலாளியும், ஆபீசுக்குக் கிளம்பிய இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

சுப்புராயன் முகம் சிறுத்துவிட்டது. "பூவம்மா, உங்க அக்காவுக்கு இவ்வளவு திமிர்னா, நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

தன் கோபத்துக்குத் தங்கை சோற்றில் மண் விழுந்துவிட்டதே! ரமாபாய் துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள்.

பூவம்மா அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து மூன்று சாவிகளை எடுத்தாள். ஆள் இல்லாத நேரத்தில் திறந்து வேலை செய்ய அந்த வீட்டுக்காரர்கள் அவளிடமே கொடுத்து வைத்திருந்தவை.

"இன்னாத்துக்கு நாளைக்கு? இன்னைக்கே வரல." சாவிகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ரெண்ட அவங்கவங்க வூட்ல குடுத்துடுங்கோ. ஒண்ணு உங்களுது. பீரோவும் நகையும் கீற வூட்டத் தொறந்து பூந்துக்கன்னு சாவியக் குடுத்தீங்களே சார், இந்த லிஃப்ட்டாண்ட மட்டும் நான் இன்னாத்த எத்துகினு பூடுவேன்னு பயந்தீங்கோ?"