ஊறுகாய் ஜாடிகள் இருந்த மேடை

எங்கள் மாதுங்கா வீட்டு அடுக்களையில், சன்னலை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்மேடை இருந்தது. அதன்மேல் நாங்கள் ஊறுகாய் ஜாடிகளை வைத்திருந்தோம். மாவடு, நாரத்தை, எலுமிச்சை என வரிசையாய் நின்ற அந்த ஜாடிகளுக்குக் கீழே, வெறுந்தரையில் கரியால் எரியும் குமுட்டி அடுப்பைப் பற்றவைத்து, நான் சம்மணமிட்டு அமர்ந்து சமைத்தேன். மேடை அதைக் கட்டிய இடத்தில் இருந்தது. நாங்கள் எங்கள் வழக்கத்தில் இருந்தோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று பல ஆண்டுகள் எவருக்கும் தோன்றவில்லை.

ஐம்பதைக் கடந்தபின் என் முழங்கால்கள் வீங்கத் தொடங்கின. அப்போது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. காலையில் கண்விழித்தால் விரல்கள் மடங்கா, மடங்கினால் நிமிரா. கட்டிலின் விளிம்பில் அமர்ந்து கால்களை மெல்ல நீட்டி மடக்கிய பின்னரே நிற்க முடிந்தது. ஆயினும் நிற்பதைவிடக் கொடியது தரையில் அமர்வது. அமர்வதைவிடக் கொடியது எழுவது. உப்பு வேண்டுமென்றால் எழ வேண்டும். குழாயடிக்குப் போக எழ வேண்டும். வாசலில் யாரேனும் கதவைத் தட்டினால் எழ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கையைச் சுவரிலும் மறு கையை ஆட்டுக்கல்லிலும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவேன். ஒரு பொழுதுச் சமையலில் எத்தனை முறை எழுந்தேன் என்று எண்ணியவள் நானில்லை. எண்ணியிருந்தால் அடுத்த வேளைக்கு அடுப்பே பற்றியிராது.

மருத்துவர் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் இருந்தார். முழங்காலை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "வயசாச்சோன்னோ மாமி, இனிமே இப்படித்தான் இருக்கும். நன்னா ரெஸ்ட் எடுத்துக்கணும்" என்றார். அவர் சொன்ன அந்த ஓய்வு எந்தக் கடையில் விற்கிறதென்று கேட்க என் நாக்கு துடித்தது. என் கணவர் உடன் நின்றதால் கேட்கவில்லை. வீடு திரும்பியதும் ஓய்வைப் பற்றி அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "டாக்டர் சொன்னபடி ரெஸ்ட் எடுத்துக்கோ. நாளைக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் சமைச்சுடு, ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன்."

மாடியேறி வந்தவர்கள் அனைவரும் ஒரு மருந்தோடு வந்தார்கள். புளியை நிறுத்து என்றார் ஒருவர். உருளைக்கிழங்கு வாயு என்றார் இன்னொருவர். பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடிக்கச் சொன்னவர் உண்டு. செம்பு மோதிரம் அணிந்தால் போதுமென்று தம் விரலை நீட்டிக் காட்டியவரும் உண்டு. பாலக்காட்டிலிருந்து திரும்பியவர்கள் தைலப் புட்டிகளைக் கொணர்ந்தார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடம் உண்மையிலேயே இதமாக இருந்தது. கரிக்குப் பங்கீடு வந்த காலமாகையால், சமைத்து முடித்தபின் எஞ்சும் தணலில்தான் அந்த உப்பு சூடேற வேண்டும். வெந்நீரில் கைகளை அமிழ்த்தி வைத்தால் விரல்கள் இளகின. இந்தச் சிறு இதங்களை நான் இகழவில்லை. இன்றும் அவை என்னோடு இருக்கின்றன. என் சினம் வேறிடத்தில் இருக்கிறது. வாய்வழி உட்கொள்ளவும் தோலின்மேல் தடவவும் ஆயிரம் சொன்னவர்களில் ஒருவர்கூட, "நாள் முழுதும் நீ எப்படி உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்கவில்லை.

கேட்டவள் அடுத்த வீட்டுக் குஜராத்திப் பெண்மணி. ஒரு நாள் காலையில் தயிருக்கு உறைமோர் வாங்க வந்தவள், நான் சுவரைப் பிடித்து எழும் காட்சியைக் கண்டு வாயிலிலேயே நின்றுவிட்டாள். பிறகு ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மீண்டும் ஜாடிகளைப் பார்த்தாள்.

"அரே, ஊறுகாயை எதுக்கு ஒசத்தி வெச்சுட்டு நீங்க கீழே உட்கார்ந்திருக்கீங்க?" என்று இந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பின்பு சிரிப்பை நிறுத்தி, கையைப் பிடித்துத் தன் அடுக்களைக்கு அழைத்துச் சென்றாள். அங்கேயும் அதே கல்மேடை. அதன்மேல் அடுப்பு. அவள் நின்றபடி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவ்வளவுதான்.

அன்று பிற்பகலே ஜாடிகள் தரைக்கு இறங்கின. குமுட்டி மேடைக்கு ஏறியது. தாராவித் தச்சர் ஒருவரிடம் சொல்லி, முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு முக்காலியும் செய்து வாங்கினேன். குழம்பு கொதிக்கும்வரை அதில் சாய்ந்தாற்போல் அமர்வேன். கிளற வேண்டும்போது கையை மேடையில் ஊன்றி எழுவேன். வலி மறைந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் மாலையில் நான் படுக்கையில் விழவில்லை. கணவரோடு பக்கத்துப் பூங்காவைச் சுற்றி மெல்ல நடந்துவர முடிந்தது. நடக்க நடக்கக் காலையின் விறைப்பும் குறைந்தது. எந்தப் புட்டித் தைலமும் தராத விடுதலையை ஒரு கல்லும் ஒரு மரத்துண்டும் தந்தன.

இந்த விடுதலை என் மாமனாரின் சிராத்த நாள் வரையில் நீடித்தது.

என் மைத்துனர், அதாவது என் கணவரின் அண்ணன், மனைவியை இழந்தவர். செம்பூரில் மகனோடு இருந்தார். அங்கே ஆசாரத்தோடு மடியாகச் சமைக்க ஆளில்லை என்பதால், தந்தையின் சிராத்தத்தை ஆண்டுதோறும் எங்கள் வீட்டில் நடத்துவார். கர்த்தாவாக இருந்து கருமம் செய்பவர் அவர்; சமைப்பவள் நான். எங்கள் குடும்ப வழக்கப்படி கணவரின் அண்ணனோடு நான் நேரில் பேசுவதில்லை. அவரும் என்னோடு பேசுவதில்லை. நான் கதவின் மறைவில் நிற்பேன். அவர் தம்பியிடம் சொல்வார். சுவரும் கேட்கும் குரலில் சொன்னதைத் தம்பி வந்து என்னிடம் மறுபடி சொல்வார்.

அவ்வாண்டு முதல்நாளே வந்தவர் அடுக்களையை எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, இதென்ன கூத்து? அடுப்பு மேல ஏறி உக்காந்திருக்கு?"

"அவளுக்கு முழங்கால் வலிண்ணா. நின்னுண்டு பண்றா."

"நின்னுண்டு பண்ணினா அது ஓட்டல்டா. அப்பாவுக்கு ஓட்டல் சாப்பாடா போடப் போறே? அவளண்ட சொல்லு, அடுப்பைக் கீழே இறக்கச் சொல்லு. ஒரே ஒரு நாள்தானே!"

"அண்ணா சொல்றார், ஒரே ஒரு நாள்தானேன்னு" என்று என் கணவர் என்னிடம் வந்து சொன்னார். அவர் தீயவர் அல்லர். அண்ணனுக்கு எதிரில் தம் குரலைக் கேட்டறியாதவர்.

சமையற்காரரை அமர்த்தலாமா என்றேன். வெளியாள் சமைத்தால் மடி போய்விடும் என்று பதில் வந்தது. அடுப்பு இறங்கியது. விடியலில் ஈரப்புடைவையோடு தரையில் அமர்ந்தவள், அந்தணர்கள் உண்டெழுந்த பிற்பகல் வரையில் அமர்ந்தும் எழுந்தும், எழுந்தும் அமர்ந்தும் அத்தனை வகைகளையும் செய்து முடித்தேன். கடைசியில் எழ முயன்றபோது கால்கள் என்னுடையவையாக இல்லை. கணவரும் அடுத்த வீட்டுப் பெண்மணியும் தூக்கிக் கட்டிலில் சேர்த்தார்கள். அந்த ஒரே ஒரு நாள் பல வாரங்கள் என்னைப் படுக்கையில் கிடத்தியது. வீடு ஓட்டலிலிருந்து சாப்பாடு எடுத்துவந்து உண்டது. அதற்கு எந்த மடியும் குறுக்கே நிற்கவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அடுப்பை மீண்டும் மேடைக்கு ஏற்றினேன். ஆனால் மறு ஆண்டு திதி நெருங்க நெருங்க எனக்கு அச்சம் பற்றிக்கொண்டது. இன்னொரு முறை அப்படி விழுந்தால் எழுவேனா என்பது எனக்கே ஐயமாக இருந்தது. என் கணவரோ, "இந்தத் தடவையும் எப்படியாவது ஒப்பேத்திடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். குமுட்டி தரைக்கு இறங்கியது. முக்காலியை ஒரு மூலையில் தள்ளி வைத்தார்கள்.

மைத்துனர் வந்தார். வந்தவர் படியேறி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பற்றி நின்று மூச்சு வாங்குவது அடுக்களை வரையில் கேட்டது. சாஸ்திரிகள் வந்து தர்ப்பையைப் பிரித்து வைத்தார். பலகையில் அமரச் சென்ற மைத்துனர் பாதி மடங்கியதும் "அப்பாடி!" என்று அலறித் தூணைப் பிடித்தார்.

சற்று நேரத்தில் என் கணவர் அடுக்களைக்குள் நுழைந்தார். என் கண்களைப் பார்க்காமல், "அண்ணாவுக்கு முழங்கால் மடங்கலையாம். அந்த முக்காலியை எடுத்துண்டு போறேன்" என்றார்.

"எடுத்துண்டு போங்கோ" என்றேன். வேறென்ன சொல்வது? வலி யாருக்கு வந்தாலும் வலிதான்.

கூடத்தில் மைத்துனர் குரல் தாழ்த்திக் கேட்டார்: "சாஸ்திரிகளே, முக்காலியில உக்காந்து பண்ணலாமோ? அப்பா காரியம். குறை ஏதும் வந்துடப்படாது."

"பேஷா பண்ணலாம்" என்றார் சாஸ்திரிகள். "முடியாதவாளுக்கு அதெல்லாம் தோஷமே இல்லை. சிரத்தைதான் முக்கியம். உடம்பை வருத்திண்டு பண்ணணும்னு யார் சொன்னா?"

உடம்பை வருத்திக்கொண்டு செய்ய வேண்டுமென்று யார் சொன்னார்! தரையில் தணலுக்கு முன்னே அமர்ந்திருந்த என் உச்சி முதல் உள்ளங்கால் வரையில் கொதித்தது. சுவரையும் ஆட்டுக்கல்லையும் பிடித்து எழுந்தேன். கதவின் மறைவில் நிற்கவில்லை. நிலைப்படியில் வந்து நின்றேன்.

"சாஸ்திரிகளே, ஒரு சந்தேகம். முடியாதவாளுக்கு தோஷமில்லேன்னேளே, அது கூடத்துக்கு மட்டுமா, அடுக்களைக்கும் உண்டா?"

சாஸ்திரிகள் திடுக்கிட்டார். "எதைக் கேக்கறேள் மாமி?"

"அடுப்பை மேடைமேல வெச்சு நின்னுண்டு சமைக்கலாமா?"

அவர் மைத்துனரைப் பார்த்தார், தர்ப்பையைப் பார்த்தார். "அது... கர்த்தாவையன்னா கேக்கணும்."

"சரி. கர்த்தாவையே கேக்கறேன்" என்று நான் மைத்துனரின் பக்கம் திரும்பினேன். "உக்காந்திருக்கேளே, அந்த முக்காலி என்னோடது. அது உங்களுக்கு ஆகும்னா, அந்த மேடை எனக்கும் ஆகணும்."

திருமணமாகி வந்த நாள் முதல் அவர் கேட்டிராத குரல் அது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார்.

"ஏண்டா, இவ என்னண்டயா பேசறா?"

என் கணவர் "ஆமாண்ணா. உங்களண்டதான் பேசறா" என்றார். அத்தோடு நிற்காமல், ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குள் வந்து, கனன்றுகொண்டிருந்த குமுட்டியைத் தூக்கி மேடைமேல் வைத்தார். அண்ணனின் மறுமொழிக்கு அவர் காத்திருக்கவில்லை. அதை நான் எந்நாளும் மறவேன்.

மறுமொழி பின்னால்தான் வந்தது. "நாழியாறது. எங்கே வேணும்னாலும் வெச்சுக்கட்டும். ஆரம்பிங்கோ சாஸ்திரிகளே."

முக்காலி அவரிடம் இருந்ததால், மேடையின் விளிம்பில் சாய்ந்தபடி சமைத்தேன். கால்கள் வலித்தன, ஆனால் தாங்கின. அன்று மாலை என் காலால் நடந்தே கட்டிலுக்குப் போனேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் என் சினமும் ஆறியிருக்கும். சில மாதங்களுக்குப் பின் ஒரு திருமண வீட்டில் உறவினர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது: "தம்பி ஆம்படையாளுக்கு முடியலேன்னு தெரிஞ்சதும், அவரே அடுப்பை மேடைமேல வெச்சுக்கோன்னுட்டாராம். எப்பேர்ப்பட்ட மனசு!" கேட்டவர்கள் தலையசைத்தார்கள். மைத்துனரும் அங்கே ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார்; மறுக்கவில்லை. பந்தியில் தரையில் அமர முடியாமல் ஓர் ஓரமாய் நின்றிருந்த மூதாட்டிகள் இருவருக்கு அந்த மண்டபத்தில் நாற்காலி இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். முழங்கால் என்னுடையது, கல்மேடை நாங்கள் குடிவந்த நாள் முதல் அங்கேயே இருந்தது. அதன்மேல் அடுப்பை வைக்க எவருடைய பெரிய மனமும் தேவைப்பட்டிருக்கவில்லை. இதைப் படிக்கும் வீடுகளில் யாரேனும் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தால், பூண்டையும் புளியையும் பற்றிப் பேசுமுன், அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

எங்கள் ஊறுகாய் ஜாடிகள் இன்னமும் தரையில்தான் இருக்கின்றன. சாப்பிடும்போது நாரத்தை வேண்டுமென்றால், என் கணவரே குனிந்து எடுத்துக்கொள்கிறார். முனகுவதுண்டு. நான் மேடைக்கு முன் நின்றபடி, கேட்காததுபோல் குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பேன்.