உறையூர்க்காரன் வேண்டுமென்றே இடித்தான்

நான் வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட காரைப் பார்த்து எது எதை இடித்தது, எப்படி இடித்தது என்று அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினால் பால்பண்ணை, அரியமங்கலம் என்று பட்டறை பட்டறையாகக் குனிந்து பம்பரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நின்றிருந்த காரில் லாரி வந்து மோதிவிட்டது என்று கண்ணில் தண்ணீர் விடாத குறையாகச் சொல்வார்கள். பம்பர் இடுக்கில் தென்னைமரத்துச் சிராய் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு மனிதர்கள் சொல்வதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இந்த வேலைதான் காரணம்.

இந்த வேலைக்காகவே எங்கள் ஆன்லைன் ரேஸ் குரூப்பில் என்னை நடுவராக்கினார்கள். பெரிய குரூப் ஒன்றும் இல்லை. மேஜையில் ஒரு ஸ்டியரிங்கையும் காலடியில் பெடலையும் மாட்டிவைத்துக்கொண்டு, தலை நரைத்த பிறகும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் கொஞ்சம் பேர். எல்லோரும் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு ரேஸ் நடக்கும். மைக்கில் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் ஸ்ரீரங்கம். உரக்கடை வைத்திருப்பவர் உப்பிலியபுரம். ரேஸ் நடுவில் கரண்ட் போய்க் காணாமல் போகும் பள்ளி ஆசிரியர் மருங்காபுரி. என் கல்லூரி நண்பன் உறையூர்.

எங்கள் விதியைச் சொல்லிவிடுகிறேன். காந்தி மார்க்கெட் பக்கம் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு உரசல் ஒரு விஷயமே இல்லை. கண்ணாடியை மடக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். ரேஸிலும் அப்படித்தான். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் வளைவுக்குள் போகும்போது கதவும் கதவும் உரசிக்கொண்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. வளைவைத் தப்பாகக் கணித்து ஒருவன் இன்னொருவனை இடித்துவிட்டால் அது பிழை. இடித்தவனுடைய நேரத்தில் சில நொடிகள் கூட்டப்படும், அவ்வளவுதான். ஆனால் பிரேக்கே பிடிக்காமல் வந்து, முன்னால் போகிறவன் மேல் மோதி அவனை வெளியே தள்ளிவிட்டு, அந்த மோதலிலேயே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வளைகிறவன் இருக்கிறானே, அவனை அந்த சீசன் முழுக்க வெளியே அனுப்பிவிடுவோம். பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்பதை நான்தான் சொல்ல வேண்டும். நிஜக் காரில் எனக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்தப் பம்பரிலும் மனசு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை.

எங்களில் சுத்தமாக ஓட்டுகிறவன் யார் என்று கேட்டால் எல்லோரும் உறையூரைத்தான் காட்டுவார்கள். துவாக்குடியில் ஒரு பட்டறைக்கு இயந்திர வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன். எதையும் அளந்து செய்யும் புத்தி. அடுத்தவன் காரின் மூக்கு நம் கதவு வரை வந்துவிட்டால் அவனுக்கு ஒரு கார் அகலம் விட்டே ஆக வேண்டும் என்ற விதியைக் குரூப்பில் சண்டை போட்டுக் கொண்டுவந்தவன் அவன். அவன் பக்கத்தில் இருந்தால் நான் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வளைவுக்குள் திரும்புவேன். பெருமாள் புறப்பாட்டுக்கு வழி விடுகிற மாதிரி விடுகிறாயேடா என்று கிண்டல் செய்திருக்கிறேன். வழி விட்டுவிட்டு அடுத்த வளைவிலேயே முந்திப் போய்விடுவான்.

அவன் மேல்தான் போன வருஷம் உப்பிலியபுரம் புகார் கொடுத்தார். நீண்ட நேர்ப்பாதை முடிந்து வரும் கொண்டை ஊசி வளைவில், தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, உறையூர் பின்னாலிருந்து வந்து அவரை இடித்து வெளியே தள்ளியிருந்தான். முதல் தடவை நெட் கோளாறு என்று நினைத்தாராம். இரண்டாம் தடவை பெரிய மனிதன் என்று பொறுத்துக்கொண்டாராம். அந்த சீசனில்தான் முதல்முறையாக அவர் ஜெயிக்கும் இடத்தில் இருந்தார். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஓட்டுகிற மனிதர். அவருடைய கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது.

ரேஸின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். திரையின் கீழே ஒவ்வொரு காருக்கும் இரண்டு கோடு ஓடும். ஆக்சிலேட்டர் மிதித்தால் பச்சை ஏறும், பிரேக் மிதித்தால் சிவப்பு ஏறும். வேண்டுமென்று இடிக்கிறவனுக்குச் சிவப்பு ஏறவே ஏறாது. கணக்கு தப்பியவனுக்குத் தாமதமாக ஏறினாலும் உச்சிக்கு ஏறும். உறையூருடைய சிவப்பு சரியான இடத்தில், சரியான நேரத்தில் கிளம்பியது. பாதி ஏறி, நடுங்கி, அப்படியே இறங்கிவிட்டது. மூன்று பதிவிலும் அதேதான். பெடல் பழுதாகியிருக்கிறது என்று முடிவு செய்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டி உறையூர் போனேன்.

கதவைத் திறந்தது அவனுடைய அக்கா. தம்பியும் அக்காவும்தான் அந்த வீட்டில். பெடலைப் பார்க்க வந்தேன் என்றதும் வழி விட்டு உள்ளே போய்விட்டார். நான் மேஜைக்கு அடியில் குனிந்தேன். பெடலில் பழுது எதுவும் இல்லை. ரேஸ் ஓட்டுகிறவர்கள் இடது காலால்தான் பிரேக் பிடிப்போம். ஓங்கி மிதிக்கும்படி ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். அவன் ஸ்பிரிங்கைக் குழந்தை மிதித்தாலும் அமுங்குகிற அளவுக்குத் தளர்த்தி வைத்திருந்தான். பெடலைச் சுற்றிக் கிழித்த துண்டில் ஒரு பட்டை கட்டியிருந்தது.

அடியிலிருந்தபடியே இது என்னடா என்று கேட்டேன். அவன் கைலியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினான். இடது கெண்டைக்கால் இருந்த இடத்தில் எலும்பும் தோலும்தான் இருந்தது. பாதம் நழுவாமலிருக்க அந்தப் பட்டையால் பெடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வானாம். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, தசை ஒவ்வொன்றாகப் போய்விடும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகியிருந்தன. என்னிடம் சொல்லவில்லை. மாவட்டத்தில் எந்தக் காருக்கு எங்கே அடி என்று எனக்குத் தெரியும். இவனுக்கு எங்கே அடி என்று தெரியாமல் போயிற்றே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

பிரேக்கைக் கைக்கு மாற்றித் தருகிறேன், ஸ்டியரிங்கிலேயே வைத்துவிடலாம் என்றேன். அவன் வலது கையை விரித்து நீட்டினான். கட்டைவிரல் அடியில் சதை குழிந்திருந்தது. சரி, குரூப்பில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்றேன். அதற்குத்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

"சொன்னா எல்லாரும் ஒதுங்கி வழி விடுவாங்கடா. நான் வரேன்னு தெரிஞ்சாலே ஒதுங்குவாங்க. அது ரேஸா?"

பிழை என்று தீர்ப்புச் சொல்லி நொடிகளைக் கூட்டுகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினான். கூட்டினால் அடுத்த ஞாயிறும் வந்து உட்காருவேன், அந்த உரக்கடைக்காரரை மறுபடியும் இடிப்பேன், அந்த மனிதர் ஜெயிக்க வேண்டிய சீசன் இது என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"நானா நிறுத்த முடியலைடா. இன்னிக்கு வேணாம்னுதான் காலையில எழுந்துக்கிறேன். நேரமாச்சுன்னா வந்து உக்காந்துடுறேன். நீ நிறுத்து. வேணும்னே இடிச்சான்னு எழுது."

பொய் ரிப்போர்ட் என் கையால் எழுத மாட்டேன் என்று கத்தினேன். இத்தனை வருஷ வேலையில் எவ்வளவோ ஆசை காட்டியிருக்கிறார்கள், எழுதியதில்லை.

"கார்க்காரனுக்கு எழுதாதே. எனக்கு எழுது," என்றான்.

வெளியே வந்தபோது அவனுடைய அக்கா கேட் அருகில் நின்றிருந்தார். உள்ளே பேசியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை ஒண்ணுக்காகத்தான் குளிச்சு, நல்ல சட்டை போட்டு உக்காருறான். பாத்து முடிவு பண்ணுங்க," என்றார். அந்த வாரம் முழுக்க எந்த வண்டியைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வந்தது. அரியமங்கலத்தில் ஒரு பாவப்பட்ட மனிதரை, ஒன்றுமில்லாத ஒரு கீறலுக்காக, வாயில் வந்தபடி பேசிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மைக்கில் வந்து சேர்ந்தார்கள். உறையூரும் வந்திருந்தான். மூன்று மோதலும் வேண்டுமென்றே செய்தவை, உறையூர் இந்த சீசனில் இனி ஓட்டக் கூடாது என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. புகார் கொடுத்த உப்பிலியபுரம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணே, கை தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

அவர் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், அடுத்த ஞாயிறும் அவன் சட்டை மாற்றிக்கொண்டு உட்காரலாம். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லிவிடு என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

"இல்லைங்க. நீங்க ஜெயிக்கிறது பொறுக்கலை. தெரிஞ்சுதான் இடிச்சேன்," என்றான் உறையூர்.

பிறகு ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். விதியைச் சண்டை போட்டுக் கொண்டுவந்த ஆளே இப்படியா என்றார் மருங்காபுரி ஆசிரியர். உப்பிலியபுரம் வெளியேறினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மைக்கை அணைத்தேன்.

அந்த சீசனை உப்பிலியபுரம்தான் ஜெயித்தார். அதற்குப் பிறகு குரூப்பில் யாராவது அசிங்கமாக இடித்தால், உறையூர் வேலையைக் காட்டாதே என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன். ரேஸ் முடிந்து சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போவேன். போனதும் அவன் கேட்பது ஒன்றுதான், இன்னிக்கு என்னைத் திட்டினாங்களா என்று. யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே கேட்பான். அவன் இன்னும் ரேஸில் இருப்பது போலத்தான் எனக்குத் தோன்றும்.

இப்போது ஸ்டியரிங்கைக் கழற்றிப் பரண் மேல் போட்டாகிவிட்டது. மேஜை இருந்த இடத்தில் கட்டில். பேச்சும் குழறிவிட்டது, அக்காவுக்கு மட்டும்தான் புரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ரேஸில் நிறைய இடித்துக்கொண்டார்கள். ஒருவர்கூட அவன் பேரை எடுக்கவில்லை. தானாகப் பேச்சு வரட்டும் என்று கடைசி வரை காத்திருந்தேன். கடைசியில் நானே உறையூர் என்று ஆரம்பித்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அது யாருங்க என்று கேட்டார். பழைய கதைங்க, விடுங்க என்று உப்பிலியபுரம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ரேஸ் எந்தப் பாதையில் என்று பேசப் போய்விட்டார்.

சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஏதோ சொன்னான். "திட்டினாங்களான்னு கேக்குறான்," என்றார் அக்கா.

"திட்டினாங்கடா. உப்பிலியபுரத்துக்கு இன்னும் ஆறலை," என்றேன்.

அவன் சிரித்தான். அக்கா துண்டை எடுத்து அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.