மாமா நடிக்கப் போன படம்

எட்டு வயதில் நான் கிளப்பிவிட்ட பெரிய புரளி, என் மாமா சினிமாவில் நடிக்கப் போய்விட்டார் என்பது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தொடங்கிய அதை ஒரே நாளில் பள்ளிக்கூடம் வரை கொண்டு சேர்த்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி. பிலிமத்தலாவையில் ஒரு கடையில் இருந்தவர், வேலை போய் எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஆள் பாதியாக இளைத்து, கை நடுங்க, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு கிடப்பார். காய்ச்சல் என்று அம்மா சொன்னார். வீட்டில் காய்ச்சல்காரர் இருந்தால் அம்மா தன் காதுத் தோட்டைக் கழற்றி அரிசி வாளிக்குள் எதற்கு ஒளிக்க வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தம்பி கையை விட்டுப் போய்விடுவானோ என்று அம்மா பரிதவித்த நாட்கள் அவை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஐயா போதை ஒழிப்புப் படம் காட்ட வந்தார். கோயில் மண்டபத்தில் திரையாக ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினார்கள். அம்மா மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் முன்னால் உட்கார வைத்தார்.

படம் மகா பழசு. எந்த நாட்டிலோ எடுத்ததற்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். கதாநாயகன் வாயை மூடிய பிறகும் பேசினான். கஞ்சாவை ஒரு இழுப்பு இழுத்தான், இடி இடித்தது. இரண்டாவது இழுப்பில் எருமைக்கு மாலை போட்டான். மூன்றாவதில் செத்தே போனான். தாய் மாரில் அடித்துக்கொண்டு அழ, பிணத்தின் வயிறு ஏறி ஏறி இறங்கியது.

“அடியே அழாத, மூச்சு வுடுறான் பாரு!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ஐயா பாவம், தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாமாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் மாமா, அம்மா பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “இப்புடியெல்லாம் ஆகாதுக்கா. மொதல்ல ஒன்னுமே ஆகாது. அதுலதான் நான் ஏமாந்தேன்.”

படம் முடிந்ததும் அவராகவே எழுந்துபோய், வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஐயாவிடம் நெடுநேரம் பேசினார். அம்மா முந்தானையைக் கடித்தபடி நின்றார்.

“திங்கக்கெழம வண்டி அனுப்புறாராம்க்கா. நான் போறேன்” என்றார் மாமா, திரும்பி வந்து. அம்மா அழுதுவிட்டார்.

படம் காட்டுகிறவர் வண்டி அனுப்பி ஒருவரை அழைத்துப் போகிறார் என்றால் வேறு எதற்காக இருக்கும்? செத்தும் மூச்சுவிட்டவனைவிட என் மாமா எவ்வளவோ நன்றாக நடிப்பார். கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். பெரியவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கன்னம் தேறி மாமா வந்து இறங்கியபோது, அடுத்த வீட்டுப் பெரியம்மா கேட்டார்: “என்ன தம்பி, படம் முடிஞ்சிருச்சா?”

மாமா என்னைப் பார்த்தார். “எங்க முடியுது பெரியம்மா. தெனமும் கொஞ்சங் கொஞ்சமா எடுக்கணுமாம்.”

“எடுப்பா, நல்லா எடு” என்று பெரியம்மா அவர் தலையைத் தடவினார்.

எங்கள் லயத்தில் எந்த வீட்டுச் சுவரும் கூரை வரை போகாது. மாமா முனகியதும் அம்மா அழுததும் அத்தனை வீட்டிலும் கேட்டிருக்கும். என் பொய்யை அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது. கண்டிக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, சுவரொட்டிகளில் மாமாவின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.