எங்கள் நிலத்து வேலி

சட்டப் படிப்பின் நான்காம் ஆண்டில் எங்களைக் கள்ளக்குறிச்சியில் ஓர் இலவச சட்ட உதவி மையத்துக்கு அனுப்பினார்கள். வருகிறவர்களின் குறையைக் கேட்டு நாங்கள் மனு எழுத வேண்டும். ஒரு மூத்த வக்கீலம்மா கூடவே இருந்து திருத்துவார்.

ஒருநாள் உள்ளே வந்த பெண் எனக்குத் தெரிந்தவர். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம், எங்கள் கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் காலனியைச் சேர்ந்தவர். எங்களுக்கே கரும்பு வெட்ட வருகிறவர். என்னைக் கண்டதும் உட்காராமல் நின்றார்.

"இவர்கிட்ட சொல்லுங்கம்மா, எழுதிக்குவார்" என்று வக்கீலம்மா என்னைக் காட்டினார்.

"இந்தத் தம்பி கொஞ்சம் வெளிய போனா சொல்றங்க."

"யார்கிட்டயும் சொல்லமாட்டார். பயப்படாதீங்க."

"பயம்லாம் இல்லீங்க" என்று தரையைப் பார்த்தார்.

அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். காலனிக்குப் போகும் வண்டிப்பாதையை அப்பா முள்வேலி போட்டு அடைத்திருந்தார். பிரசவ வலி கண்ட இந்த அம்மாவின் மருமகளைக் கட்டிலோடு தூக்கி, வாய்க்காலில் இறங்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வேலியை ஒட்டித்தான் நான் தினமும் பஸ்ஸுக்கு நடந்தேன்.

வகுப்பு நண்பர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்தேன். "மேடம், அவங்க எங்கப்பா மேலதான் புகார் குடுக்க வந்திருக்காங்க."

வக்கீலம்மா கோபப்படவில்லை. "அப்ப நீ இதுல இருக்கக் கூடாது, வெளிய போ. வீட்லயும் வாய் திறக்காதே" என்றார்.

வராண்டாவுக்கு வந்தேன். ஜன்னல் வழியாக அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"அப்பன கேவலமா பேசறத பெத்த புள்ள கேக்கலாமாங்க? அதான் போவச் சொன்னேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வளாகத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து தாசில்தார் விசாரணைக்கு வரச் சொல்லி வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. அப்பா அதை என் முன்னால் போட்டார்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே இன்னாடா சும்மா இருந்த?"

"சொல்லக்கூடாதுப்பா. நீ வேலிய எடுத்துடு."

அப்பா நோட்டீஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விசாரணைக்கு முந்தின நாள் ஆள்விட்டு வேலியைப் பிடுங்கினார். பல மாதங்கள் என்னோடு பேசவில்லை.

பாதை திறந்த மறுநாள் பஸ்ஸுக்குப் போகையில் அந்த அம்மா புல்லுக்கட்டோடு எதிரே வந்தார். "காலேஜுக்கா தம்பி?" என்று எப்போதும் போலக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.