செகண்ட் கியரில் ஓடிய காளை

இது நடந்த கதை. ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வில்லாபுரம் லோடு வண்டி ஸ்டாண்டில் டீ குடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பொங்காத மாவில் இட்லி சுட்டால் யார் தின்பார்கள்? ஆனால் ஆள் நிஜம். அவன் பயமும் நிஜம்.

ஆளின் பெயர் காளை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளை ஏற்றி, அவனியாபுரம் வரைக்கும் கடை கடையாக இறக்கிப் போடுவான். கழுத்து எது, தோள் எது என்று பிரித்துச் சொல்ல சர்வேயரைத்தான் கூப்பிட வேண்டும்; அப்படி ஒரு உடம்பு. லாரிக்குப் பயப்பட மாட்டான், போலீசுக்குப் பயப்பட மாட்டான். நாற்பத்தேழு என்கிற எண்ணுக்கு மட்டும் பயப்படுவான்.

அவன் அப்பன் நாற்பத்தேழு வயதில், உசிலம்பட்டி சந்தையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடியே சாய்ந்தார். அண்ணனும் அதே நாற்பத்தேழில்தான். கிளம்பிவிட்ட டவுன் பஸ்ஸைத் துரத்தி ஓடி, தாவி ஏறி, டிக்கெட்டும் வாங்கி, சீட்டில் உட்கார்ந்து செத்துப்போனார். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் எழுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து காளை மழை வந்தால்கூட ஓட மாட்டான். நனைந்துகொண்டே நடந்து வருவான். ஆஸ்பத்திரியில் நாற்பத்தேழாம் டோக்கன் கொடுத்தால் வியாதியோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவான்.

இப்போது அவனுக்கு நாற்பத்தாறு முடியப் போகிறது. டாக்டர் சொன்னது பிரஷர், சுகர். தினமும் நடக்கணும், முடிந்தால் ஓடணும்.

அவன் மகள் தமிழ்வாணி பிளஸ் டூ படிக்கிறாள். ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். போன வருஷம் ஒரு போட்டியில் கடைசிச் சுற்றில் கண் இருட்டி விழுந்தாள். அதற்குப் பிறகு விசில் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வேர்த்துவிடும். ஷூவைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள். டாக்டர் சீட்டைப் படித்த அன்று அவளே அதை இறக்கினாள்.

"அப்பா, ஒரு பேச்சு. நீங்க ஓடுனா நானும் ஓடுறேன். நீங்க நின்னா நானும் நின்னுருவேன்."

"எனக்கு என்னத்தா, நான் நல்லாத்தானே இருக்கேன்."

"பெரியப்பாவும் அப்படித்தான சொன்னாரு."

விடிகாலையில் தன் மூக்கருகே ஒரு கை வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது காளைக்குத் தெரியும். தினமும் தூங்குவது போலப் படுத்திருப்பான். ஓடாவிட்டால் அப்பா செத்துப்போவார் என்று மகளுக்குப் பயம். ஓடினால் செத்துப்போவோம் என்று அப்பனுக்குப் பயம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே ஃபேனுக்கு அடியில் படுத்துக்கிடந்தன.

ஏற்பாடு இதுதான். அவள் வில்லாபுரத்தில் ஓடுவாள். அவன் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ரிங் ரோட்டில் ஓடுவான். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்று போனில் ஏறிவிடும். சாயங்காலம் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

முதல் நாள் ரிங் ரோட்டில் இறங்கி நின்றான் காளை. இரண்டு காலையும் பார்த்தான். அண்ணன் ஞாபகம் வந்தது. மறுபடி வண்டியில் ஏறினான். போனை டேஷ்போர்டில் வைத்து, செகண்ட் கியரைப் போட்டு, மனுசன் ஓடுகிற வேகத்தில் வண்டியை உருட்டினான். பின்னால் வந்த லாரிக்காரன் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"என்னண்ணே, முன்னாடி பொணம் ஏதும் போகுதா?"

"இல்ல மாப்ள, பின்னாடி வந்துறக் கூடாதுன்னு பாக்குறேன்."

சாயங்காலம் வாணி போனைப் பார்த்தாள். ஐந்து கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷம். அவளுடையது முப்பது. அவள் முகம் மாறியது. மறுநாள் இருபத்தொன்பது. அடுத்த வாரம் இருபத்தேழு. ஒருநாள் லாரிக்காரன் அடித்த ஹாரனில் காளையின் கை தானாகத் தேர்ட் கியருக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவன் உலகத்திலுள்ள ஓட்டக்காரர்கள் அத்தனை பேரையும் தோற்கடித்திருந்தான்.

"எப்படிப்பா?"

"நாய் வெரட்டுச்சு தாயி."

"எம்புட்டுத் தூரம்?"

"திருமங்கலம் நாயி. லேசுல விடாது."

அவள் நம்பினாள். நம்பி ஓடினாள். நாற்பது நாளில் அவள் கடைசிச் சுற்றைக் கண்டு பயப்படுவதே நின்றுபோனது. நாற்பத்தாறு வயசுக்காரன் ஓடுகிறபோது தனக்கென்ன என்கிற வீம்பு. காளைக்குத்தான் நெஞ்சுக்குள் மூட்டை மேல் மூட்டையாக ஏறியது. பொய் வெளியே வந்தால் ஷூ மறுபடி பரணுக்குப் போகும். இந்தத் தடவை அதை யாரும் இறக்க முடியாது.

இந்த நேரத்தில் அவன் பெண்டாட்டி ஒச்சாயி ஒரு காரியம் செய்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு அழகர்கோவிலுக்குப் போனாள். அங்கே பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் நின்று வாணி நேர்ந்துகொண்டு வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"நானும் அப்பாவும் வீட்டுல இருந்து ஓடியே வாரோம். வந்து ரெண்டு பேரும் மணி கட்டுறோம்னு நேந்துருக்கேன். எங்கப்பா நாப்பத்தேழத் தாண்டணும்னு கேட்டுட்டேன்."

காளைக்குக் குடித்த காப்பி பாதியில் நின்றது. மற்ற சாமியிடம் பொய் சொன்னால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். கருப்பு வாசலில் அது நடக்காது. வக்கீல் வைத்துத் தீராத வழக்கெல்லாம் சத்தியத்தில் தீருகிற இடம். பொய்ச் சத்தியம் பண்ணினவன் படி இறங்குவதற்குள் அவன் வீட்டு அடுப்பு தானாக அணைந்துவிடும் என்பார்கள். வீட்டிலிருந்து அங்கே இருபத்துநாலு கிலோமீட்டர். அவன் கால் நிஜமாக ஓடியிருந்த தூரம், கக்கூஸ் அவசரத்தைச் சேர்த்தால், இருநூறு அடி.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே கிளம்பினார்கள். தெற்குவாசல் வரை கருப்பு காப்பாற்றியது. வைகைப் பாலத்தில் காளையின் மூச்சுச் சத்தம் கேட்டு, படுத்திருந்த மாடுகள் எழுந்து வழிவிட்டன. கோரிப்பாளையத்தில் இருந்து நடை. புதூரில் நொண்டல்.

"என்னப்பா, ரிங் ரோட்டுல அந்த ஓட்டம் ஓடுனீங்க?"

"அங்க ரோடு நல்ல ரோடு. நீ முன்னாடி போத்தா, நான் பின்னாடியே வாரேன்."

"நீங்க நின்னா நானும் நின்னுருவேன்."

"நிக்கல. போ."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்க் கண்ணுக்கு மறைந்தாள். கடச்சனேந்தலில் காளையின் நெஞ்சு இறுகியது. இடது கை தன்னுடையது மாதிரியே இல்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான். அண்ணன் டிக்கெட்டைக் கையில் வைத்தபடி சீட்டில் சாய்ந்திருந்தது கண்ணுக்குள் வந்தது. உட்கார்ந்தால் அந்தச் சாவு. எழுந்து ஓடினாலும் அதே சாவு. அழகர்கோவில் பஸ் வந்து பக்கத்தில் நின்றது.

"ஏறுங்கண்ணே, மூஞ்சி சரியில்ல," என்றார் கண்டக்டர்.

காளை ஒரு காலைப் படியில் வைத்தான். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. ஒரு பத்தடி போயிருக்கும். குதித்துவிட்டான்.

மீதித் தூரத்தை எப்படிக் கடந்தான் என்பது கருப்புக்குத்தான் வெளிச்சம். வாசலில் வாணி நின்றுகொண்டிருந்தாள். அங்கே சாத்திய கதவுதான் கருப்பு; கதவு நிறையச் சந்தனம். சூடத்தை ஏற்றினாள்.

"சொல்லுங்கப்பா. நாப்பது நாளும் ஓடுனேன், இன்னைக்கும் ஓடியே வந்தேன்னு."

சூடம் கரைந்துகொண்டே வந்தது.

"நான் ஓடலத்தா. வண்டிதான் ஓடுச்சு. செகண்ட் கியர்ல."

அவள் வாசலோரமாகப் போய்க் கழற்றி வைத்திருந்த ஷூவைக் கையில் எடுத்தாள். நாடாக்களை ஒன்றோடொன்று முடிந்தாள். பரணில் தொங்கவிடத்தான் முடிகிறாள் என்று காளை நினைத்தான்.

"நாப்பது நாளா நான் குட்டியானையவா வெரட்டுனேன்?"

"ஆமா தாயி."

"எம்புட்டு லோடு?"

"எம்ப்டி வண்டிதான்."

ஷூவைத் தோளில் போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் ஒரு திமிரும் இருந்தது.

"ரெண்டு வாரம் போகட்டும், வண்டியவே முந்துறேன். நாளையில இருந்து அம்மா வண்டி ஓட்டட்டும். நீங்க எறங்கி நடங்க. ஓட வேணாம், நடங்க. நான் பாத்துக்கிட்டே ஓடுறேன்."

மணியை இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினார்கள். காளை நாற்பத்தேழில் கால் வைத்து இன்றோடு நாலு மாசம். தினமும் காலையில் இந்த ஸ்டாண்டு வழியாகத்தான் மூன்று பேரும் போகிறார்கள். வாணி முன்னால், வண்டியில் ஒச்சாயி நடுவில், காளை கடைசியில். நாற்பத்தேழைத் தாண்ட இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. கருப்பு நேர்த்தியை ஏற்றுக்கொண்டது.

இந்த இடத்தில்தான், டீயோடு கதை கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைத்துரை கிளாசைக் கீழே வைத்தான்.

"பத்தடியா? அந்த பஸ்ஸுல நானும் இருந்தேன். கடச்சனேந்தல்ல ஏறுன ஆளு நாலு ஸ்டாப்பு தாண்டி அப்பன்திருப்பதியிலதான எறங்குனாரு. சீட்டுல உக்காந்து வந்தாரு."

காளையின் மச்சான் பேயாண்டி எழுந்தான். "வாயக் கழுவுடா. எங்கக்கா தாலி விஷயம்."

"நான் பாத்ததச் சொல்றேன். கதையில எல்லாத்தையும் இழுக்குறாய்ங்க, பஸ்ஸ மட்டும் சுருக்கிட்டாய்ங்க. கருப்புகிட்ட கியரச் சொன்னாரு, பஸ்ஸச் சொன்னாரா?"

"சொன்னாரோ சொல்லலையோ, நீ எதுக்கு இப்பப் பேசுற? இன்னும் எட்டு மாசம் கெடக்கு."

"அதுனாலதான் பேசுறேன். போயி இன்னொரு சூடத்தக் கொளுத்தச் சொல்லு."

"பொய்யின்னா நீ வந்து சத்தியம் பண்ணு. வாறியா அழகர்கோவிலுக்கு?"

"வாரேன். இப்பவே வாரேன். ஓடியே வாரேன்."

பேயாண்டி அவன் சட்டையைப் பிடித்தான். பெஞ்சு கவிழ்ந்தது, நாலு டீ தரையில் போனது. டீ மாஸ்டர் கரண்டியோடு நடுவில் வந்து, "அங்க பாருங்கடா, வாணி வருது, வாய மூடுங்க," என்றார். யாரும் மூடவில்லை.