வெளியேறும் வரி

சியூமான் நிரலின் கடைசி வரியைத்தான் முதலில் அடிக்கிறாள். ஆயிரம் சுற்றுக்குள் வேலை முடியாவிட்டால், யாரும் சொல்லக் காத்திராமல் சுழற்சியை விட்டு வெளியே வா, அழுத்தும் தலையை மேலே தூக்கு, மணி அடி. இதை எழுதிவிட்டு ஒரு மடக்கு வெந்நீர் குடிப்பாள். சுழற்சிக்குள் இயந்திரம் என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாய்ச்சுங் நகரில் தகடு வளைக்கும் அழுத்து இயந்திரங்கள் செய்யும் பட்டறை அது. நிரல் எழுத அவள் ஒருத்திதான். வயது நாற்பத்தேழு. கைகளில் முழங்கை வரை பூப்போட்ட துணியுறை. இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்கும் என்ற அந்த ஊர் நம்பிக்கையில் ஒவ்வொன்றின் மேலும் பச்சைப் பொட்டலத்தில் சோளப்பொரி வைத்திருப்பார்கள். அது காலாவதியாக ஒரு வாரம் இருக்கும்போதே மாற்றிவிடுவாள். "நம்பறவங்க நம்பட்டும். நான் தேதியத்தான் பாக்கறேன்" என்பாள்.

பொருத்துநர் கூன்ஷெங்குக்கு அவளைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது. "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கும் ஆயிரம் சுத்து குடுத்தீங்களா?"

"ஆயிரமா? மூணு தடவ மன்னிப்புக் கேட்டாரு. நாலாவது தடவ கேக்கறப்ப நான் அந்த வீட்டுல இல்ல. நீ ஸ்பேனரத் தேடு போ."

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் எழுதிய நிரலில் அந்த வரி இல்லை. தகட்டைத் தொட்டுவிட்டதாக உணர்கருவி சொல்லும் வரை அழுத்திக்கொண்டே இரு, அவ்வளவுதான். உணர்கருவியின் கம்பி அறுந்திருந்தது. கீழே, இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஆஷுயின் வலது கை இருந்தது. இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நான்கு பேர் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். பொத்தானைக் கவனிக்கும் வரி சுழற்சிக்கு வெளியே இருந்தது. நிரல் அங்கே வரவேயில்லை. பராமரிப்புக் குறை என்று அறிக்கை எழுதினார்கள். அவள் பெயர் அதில் எங்கும் இல்லை.

ஆஷுய் இப்போது வாயில் காவலர். இடது கையால் கேட்டைத் தள்ளி, "சாப்ட்டியாம்மா?" என்று தினமும் கேட்கிறார். "ஆச்சுண்ணே" என்கிறாள். அந்த வாயிலைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள்.

நேற்று மேலாளர் லியாவ் அவளைப் புது இயந்திரத்தின் முன்னால் கூப்பிட்டார். மறுநாள் வாங்குபவர்கள் பார்க்க வருகிறார்கள். சோதனையில் மூன்று தரம் மணி அடித்து நின்றுவிட்டது.

"அந்த ஆயிரம் சுத்து வரிய எடுத்துடு."

"பழைய பம்பப் போட்டிருக்கீங்க மேனேஜர். அழுத்தம் ஏற நேரமாகுது. பம்ப மாத்துங்க."

"பம்பு வர ஒரு வாரம். வரிய எடுக்க ஒரு நிமிஷம். சிவப்புப் பொத்தான இப்ப சுழற்சிக்கு உள்ளயே பாக்குதுல்ல? அப்புறம் என்ன பயம்?"

"ஒரு கை மாட்டிக்கிட்டா, தனியா நிக்கிறவன் என்ன பண்ணுவான்?"

"ஆளுக்கு ரெண்டு கை இருக்கும்மா. எடுக்கறியா, இல்ல நாளைலேர்ந்து வேற ஆளப் பாக்கட்டுமா?"

கூன்ஷெங் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்தினான்.

சியூமான் உட்கார்ந்து அந்த வரியை அழித்தாள். நிரலை இயந்திரத்தில் ஏற்றினாள். உணர்கருவியின் கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கினாள். பிறகு துணியுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தகடு கிடக்கும் இடத்தில் வலது கையை விரித்து வைத்தாள்.

"மிதிங்க மேனேஜர்."

லியாவின் செருப்பு, இயந்திரத்தை இறக்கும் மிதிகட்டைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "பைத்தியமா உனக்கு? கைய எடு!"

அவள் எடுக்கவில்லை. பொத்தான் வலப்பக்கத் தூணில் இருந்தது. உடம்பை முறுக்கி, மார்புக்குக் குறுக்காக இடது கையை அதை நோக்கி நீட்டினாள். தோள் விடைக்கும்வரை நீட்டினாள். விரல் நுனிக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.