மரக்காணத்தில் உப்பு வாங்கியவள்

ஊரைச் சுற்றி உப்பளமாகக் கிடக்கும் மரக்காணத்தில் காசு கொடுத்து உப்பு வாங்கியவள் நான் ஒருத்திதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஊரே சிரித்து முடித்து, கடைசியில் நானும் சிரித்தாயிற்று.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. லாரி லாரியாக வந்த நிவாரணச் சாமான்கள் எங்கள் தெருவரை வந்து குவிந்திருந்தன. ஒரு வீட்டில் ஏழு குடம், அடுத்த வீட்டில் குடமே இல்லை. எனக்குக் கிடைத்தது நாலு பிளாஸ்டிக் வாளி, மூன்று கம்பளி, ஒரு கோட்டு. இந்த வெயிலில் கோட்டு! எங்கள் பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொன்னார்: "வீட்டுல சும்மா கெடக்கறத எல்லாம் கோயில் மண்டபத்துல கொண்டாந்து வையுங்க. சனிக்கிழமை கடை போடலாம். வேணுங்கறவங்க அஞ்சுக்கும் பத்துக்கும் வாங்கிட்டுப் போங்க. வர்ற காசுல மண்டபத்துக் கூரைய மாத்திடலாம்."

எனக்குக் கொடுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து வாங்கியே பழகின கைக்குக் கொடுப்பது எவ்வளவு ஜோராக இருக்கிறது! கோட்டைக் கொடுத்தேன். வாளி இரண்டைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, "ஏம்மா, என்னையும் குடுத்துடுவியா, இல்ல வச்சுக்குவியா?" என்று கேட்டார். "வாங்க ஆள் வரணுமே" என்றேன்.

கடைசியாகக் கண்ணில் பட்டது அடுப்படியில் இருந்த பீங்கான் உப்பு ஜாடி. நிவாரணத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வந்தபிறகு இந்தக் கனத்த ஜாடி எதற்கு? பாத்திரத்தை யாருக்கும் வெறுமையாகக் கொடுக்க மாட்டோம், அது எங்கள் வழக்கம். வசதியான வீட்டில் அரிசியோ சர்க்கரையோ போடுவார்கள். உப்பளக் கூலிக்காரர்கள் தெருவில் ஒரு கை உப்புதான். ஜாடியில் ஏற்கெனவே உப்பு நிறைய இருந்தது, வேலை மிச்சம் என்று அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை அனுமந்தையிலிருந்து என் மாமியார் ஆள் விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனுக்கு இங்கே மரக்காணத்தில் பெண் வீட்டில் நிச்சயம், தான் சனிக்கிழமையே பஸ் ஏறி வருகிறாளாம். "பெரிய மருமவ அந்தச் செவப்புக்கல் கம்மலப் போட்டுக்கிட்டு முன்னாடி நிக்கணும்னு சொல்லச் சொன்னாங்க" என்றான் வந்தவன். கம்மல் என்ற சொல் காதில் விழுந்ததும் அடுப்படிக்கு ஓடினேன். ஜாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் டப்பாதான் இருந்தது.

கம்மல் ஜாடியில் இருந்தது. நான்தான் வைத்தேன். கூடை தூக்கும்போது காதில் மாட்டி இழுக்கிறது என்று, உப்பு வாருகிற காலம் தொடங்கியதும் கழற்றி, வெள்ளை பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி உப்புக்குள் புதைத்திருந்தேன். திருடன் பீரோவை உடைப்பான், அரிசிப் பானையில் கை விடுவான். மரக்காணத்தில் எவனாவது உப்பைத் திருடுவானா? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், அதோடு மறந்தும் போனேன்.

அது சாதாரணக் கம்மல் இல்லை. என் கல்யாணத்தன்று அத்தை தன் காதிலிருந்து கழற்றி எனக்குப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து, துளை தூர்ந்துபோகாமல் இருக்க அவள் காதில் வேப்பங்குச்சிதான். அதைத் தொலைத்துவிட்டு அந்தக் குச்சியை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்? விடியும்வரை வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

விடிந்ததும் மண்டபத்துக்கு ஓடினேன். பெஞ்சின் மேல் என் ஜாடி பளிச்சென்று நின்றது. உள்ளே கை விட்டேன். காலி. கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இதிலிருந்த உப்பு எங்கே என்று அவரிடம் கேட்டேன்.

"உப்பா? ஏம்மா, உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா? ஜாடில உப்பு, குண்டான்ல உப்பு, டிபன் பாக்ஸ்ல உப்பு! உப்பளத்தையே கொண்டாந்து எறக்கிட்டீங்க. எல்லாத்தையும் ஒரே சாக்குல கொட்டிட்டேன்."

"அந்தச் சாக்க நான் வாங்கிக்கறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?"

காரணம் சொன்னால் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே அது அவள் காதுக்குப் போய்விடும். வாயை இறுக்கிக்கொண்டு இருபது ரூபாயை நீட்டினேன். கடையின் முதல் வியாபாரமே அதுதான். வரிசையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே ஒரு முனையைப் பிடித்தாள். சாக்கை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தார்ப்பாயில் கொட்டினோம். கல்லுப்பு சல்லடையில் இறங்காது, கையால்தான் துழாவ வேண்டும். விரல் வெடிப்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. அழுகையை அடக்க முடியாமல் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

சொன்னது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. கேலிக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் சிரிப்பு நின்றுபோனது. அக்கா மெதுவாக நெஞ்சில் கை வைத்தாள். "அடிப்பாவி! என் பீரோ சாவியும் உப்புலதான் இருந்துது!"

"அய்யய்யோ, என் மூக்குத்தி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான். ஊருக்கே தனித்தனியாக ஒரே புத்தி! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் உப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். சாவி கிடைத்தது, மூக்குத்தி கிடைத்தது, மாதா டாலர் ஒன்று கிடைத்தது. ஒரு பால்பல் கிடைத்தது, அதை மட்டும் யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சல். உபதேசியார் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசிக் குவியலின் அடியில் என் பிளாஸ்டிக் பொட்டலம். பிரித்தேன், சிவப்புக் கல் இரண்டும் இருந்தன. நான் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்தன. அங்கேயே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டேன். என் சந்தோஷத்துக்கு அன்றைக்கு ஈடே இல்லை.

"இங்க என்னடி கும்மாளம்?"

அத்தை. பதினோரு மணி பஸ்ஸில் இறங்கி, கடை என்று கேள்விப்பட்டு நேரே வந்திருக்கிறாள். இடுப்பில் குழந்தை மாதிரி என் ஜாடி! கம்மல் பதற்றத்தில் அதைத் திரும்ப வாங்கத் தோன்றவே இல்லை எனக்கு.

"பத்து ரூவாதான். எப்படி இருக்குது பாரு!" என்றவள் கிட்டே வந்து என் காதைத் தொட்டாள். கல்லோரத்தில் ஒட்டியிருந்ததைச் சுண்டுவிரலால் எடுத்து நாக்கில் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உப்புக்குள்ளயா வச்ச?"

தலையாட்டினேன்.

"நானும் அங்கதான் வச்சிருந்தேன், இருபது வருஷம். இதே ஜாடில. நீங்க தனிக்குடித்தனம் வந்தப்ப நான் குடுத்தனுப்பினதுதான. வாய் ஒடஞ்ச எடத்துல சிமெண்ட் பூசினது நானு, எனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அத்தை, தெரியாம குடுத்துட்டேன் அத்தை" என்றேன். "சரி, கல்லு ரெண்டும் பத்திரமா இருக்குதில்ல, அழாத" என்று ஜாடியை நீட்டினாள். வாங்கக் கை நீட்டியபோது சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். காதில் வேப்பங்குச்சி ஆடக் குனிந்து, நான் காசு கொடுத்து வாங்கிய உப்பிலிருந்து ஒரு கை அள்ளி உள்ளே போட்டாள்.

"வெறும் ஜாடிய எப்படிக் குடுக்கறது? இந்தா, புடி."